வைக்கோற்போர் மாப்பிள்ளையை இறக்கப் போனேன்

காட்பாடியில் காலை ஆறரைக்கு ரயிலேறினேன். மடியில் இரண்டு பிலிம் டப்பாக்கள். பழைய பிலிமுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. எதிரே இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, "ஊறுகா கெட்டுப்போச்சு போலருக்கே, தூக்கிப் போடுங்க," என்றார். என் மனைவியும் ஒன்பது வருஷமாக அதைத்தான் சொல்கிறாள்.

உள்ளே இருந்தது, யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு கிராமத்துச் சிரிப்புப் படம். மொத்தம் மூன்று ரீல். என்னிடம் முதல் இரண்டுதான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் காளை துரத்துகிறது, வைக்கோற்போர் மேல் ஏறுகிறான், ரீல் தீர்ந்துவிடுகிறது. ஒன்பது வருஷமாக அவன் இறங்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். கதாநாயகனைவிடக் காளை நன்றாக நடித்திருக்கிறது. வேலிக்கு அப்பால் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த ஊர்ஜனங்களும் படத்தில் விழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சிரிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய படங்களில் அந்த முகங்கள் கிடைக்காது.

பதினொன்றரைக்குக் கன்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து ஆஸ்டின் டவுனுக்கு ஜட்கா வண்டியில் மூன்று மைல், ஒரு ரூபாய். சந்தாபுரா பக்கம் டெண்ட் போட்டு டூரிங் சினிமா நடத்திய ஆரோக்கியசாமியின் வீடு அங்கே. மூன்றாவது ரீல் தம்மிடம் இருப்பதாக எழுதியிருந்தார். எப்படியாவது வாங்கிவிடுவதென்று போனேன்.

"விக்கிறதுக்கில்ல சார். அவன் ஏன் மேல ஏறினான்னே தெரியாம பேஜாராயிட்டிருக்கேன். உங்க ரெண்டையும் குடுங்களேன்?"

"முதல்ல போட்டுப் பார்ப்போம்."

நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஜன்னலில் கம்பளி, சுவரில் விரிப்பு. நடுவில் ரீல் மாற்ற நிறுத்தினால் டெண்ட்டில் கல் வீசுவார்களாம். அந்தப் பழக்கத்தில் மூன்று ரீலையும் ஒட்டி ஒரே சுருளாக்கிவிட்டிருந்தார்.

படம் ஓடியது. காளை அலுத்துப்போய் நடையைக் கட்டியது. மாப்பிள்ளை இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டான். அவ்வளவுதான். நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். என்னிடம் புரொஜெக்டர் கிடையாது. வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு சரி. வேலியோர ஜனங்களின் சிரிப்பை அன்றுதான் காதால் கேட்டேன்.

அவர் மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்க?" என்றார்.

ஆரோக்கியசாமி கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டினார். "பிரிக்கணும்னா ஒட்டின இடத்துல ரெண்டு கட்டம் படம் போயிடும் சார். நீங்களே வெட்டுங்க. எனக்குக் கை வராது."

அந்த ஒட்டில்தான் காளை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்க்கிறது. எனக்கும் கை வரவில்லை.

"முழுசா நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

என் ஜன்னலில் மாப்பிள்ளை ஓடமாட்டான். ஊர்ஜனங்களும் வாயைத் திறந்தபடி ஊமையாக நிற்பார்கள். "இங்கேயே இருக்கட்டும்," என்றேன். ஒரு ரீல் வாங்கப் போய் இரண்டைத் தொலைத்த சாமர்த்தியசாலி நான்.

மாலை ரயிலுக்கு வழியனுப்ப வந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வேற ஏதாச்சும் பாதிப் படம் வெச்சிருக்கீங்களா சார்?"