பெனினா நிற்கிற நிறுத்தம்

இஸ்ரேலில் எங்கள் பெத்தா திக்வா ஊரில் பெனினாவைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே முப்பது வருஷம் ஓட்டியவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். அவள் வீட்டுக்காரர் அஸ்ரியேல், டெல் அவிவ் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷன். ரெண்டு வருஷமாக அதெல்லாம் போயே போச்சு. பால் வாங்கப் போனவரை அடுத்த தெருவிலிருந்து மூன்று தடவை யார் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள்.

மகள் ஓஃப்ரா கறாராகச் சொல்லிவிட்டாள். "இனிமே உன்னால முடியாதும்மா. நல்ல இல்லமாப் பாத்து அப்பாவைச் சேத்துடலாம்."

"அவருக்கு என்னைத் தெரியற வரைக்கும் நான்தான் பாத்துப்பேன்" என்றாள் பெனினா. "என்னையே தெரியலைன்னு ஆகட்டும், அன்னிக்கு நீ சொல்றதைக் கேக்கறேன். இப்ப ஊர் சுத்திட்டு வரோம், ஆளை விடு."

புடாபெஸ்ட், வியன்னா, ப்ராக் மூன்றையும் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பது அஸ்ரியேலுக்கு நாற்பது வருஷத்து ஆசை. அவர் அப்பா பிறந்து வளர்ந்த பக்கம் அது. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நம் யூத ஆட்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வழிகாட்டி இத்தமார் என்ற பையன், பொறுமைசாலி. அவனிடமும் மற்றவர்களிடமும் பெனினா அடித்துவிட்டது ஒரே பொய்தான். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பதில் சொல்லலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க." புத்தி மந்தம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? வீம்பு, வேறென்ன!

புடாபெஸ்டில் பாலத்தின் மேல் நின்று அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். வியன்னாவில் அரண்மனை வாசலில் நின்ற காவலாளியிடம் போய், "டிப்போ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ப்ராகில் நம்மவர்களின் பழைய மன்றக் கட்டிடத்தின் மேல் ஒரு கடிகாரம் இருக்கிறது, முள் பின்பக்கமாகச் சுற்றும். அதை அண்ணாந்து பார்த்து, "பாத்தியா பெனினா, என் மண்டை மாதிரியே ஓடுது" என்று சிரித்தார். குழுவே சிரித்தது. பெனினாவும் சிரித்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக ஹோட்டல் பெயரையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைப்பாள். ப்ராகிலும் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் இருட்டும் வரை வேலை, வண்டி எதுவும் கூடாத சபத் ஓய்வுக்கு விளக்கேற்றும் முன்னால் அவர் பைகளைத் துழாவி, இருந்ததையெல்லாம் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாளே, அப்போது அந்தச் சீட்டும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. சபத் நாளில் எதையும் சுமந்துகொண்டு தெருவில் நடக்கக் கூடாது. எங்கள் ஊரைச் சுற்றி எல்லைக் கம்பி கட்டி ஊரையே ஒரே வீடாகக் கணக்கு வைத்திருப்பதால் அங்கே தோஷமில்லை. இந்த ஊர் விவரம் அவளுக்குத் தெரியாது. அதைவிட, ஐம்பது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது, மூளையைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாரும் பழைய ஜெபாலயத்துக்கு நடந்து போனார்கள். ஆண்கள் உள்ளே, பெண்கள் சுவருக்கு இந்தப் பக்கம். சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு நீளத் துவாரம். அது வழியே குல்லா போட்ட அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தாள், பக்கத்தில் கழற்றி வைத்த கோட்டும் தெரிந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த குழுக்காரி ஹிண்டா காதில் ஏதோ கிசுகிசுத்தாள், அவள் மருமகள் சமாச்சாரம். பெனினா ரெண்டு நிமிஷம் காது கொடுத்திருப்பாள். திரும்பத் துவாரத்தில் கண்ணை வைத்தபோது கோட்டு இருந்தது. ஆள் இல்லை.

எழுந்து ஓடினாள். வாசலில் இல்லை, கழிப்பறையில் இல்லை, கடிகாரத்தடியிலும் இல்லை. இத்தமார் பின்னாலேயே ஓடிவந்தான்.

"காத்தாட வெளிய நின்னிருப்பார்மா, வந்துருவார். பதறாதீங்க."

"வரமாட்டார்டா! அவருக்கு வரத் தெரியாது!" ஜெபாலய வாசலில் நின்று அவள் கத்தினாள். "காது மந்தமில்ல, புத்திதான் போச்சு! ஹோட்டல் பேர் தெரியாது, எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாது. பையில இருந்த சீட்டையும் நானே எடுத்து வச்சுட்டேன், பாவி நான்!"

ஹிண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா ஆளுக்கொரு கண்ணு வச்சிருப்போமே பெனினா."

நியாயமான பேச்சுதான், ஆனால் அந்த நேரத்தில் அது கத்தியால் கீறின மாதிரி இருந்தது. இத்தமார் போலீஸைப் பார்க்க ஓடினான். "உயிர் விஷயத்துல சபத் குறுக்க நிக்காதும்மா. போனும் பண்ணுவேன், கார்லயும் போவேன். நீங்க இங்கயே இருங்க, அவர் திரும்பி வந்தா யாராவது இருக்கணும்." மற்றவர்கள் தெருத் தெருவாகப் பிரிந்து போனார்கள்.

அவளால் இங்கேயே இருக்க முடிந்தால்தானே? ஆற்றங்கரைக்கு ஓடினாள். தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளையாக எது மிதந்தாலும் அவர் சட்டையோ என்று குனிந்து பார்த்தாள். ரெண்டு தடவையும் அன்னங்கள்தான். அக்டோபர் குளிரில் வெறும் சட்டையோடு எவ்வளவு நேரம் தாங்குவார்? வருகிறவர் போகிறவரையெல்லாம் மறித்து, "கிழவர், வழுக்கை, வெள்ளைச் சட்டை" என்று தன் பாஷையிலும் கையாலும் காட்டினாள். பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். ஜெபாலயத்தில் கிடந்த அவருடைய கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள், அதன் உள்பக்கம் அவளே போட்ட தையல். அப்போதுதான் உறைத்தது. முகவரியைத் துணியில் எழுதிச் சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தால் அது சுமப்பதே ஆகாது, உடுப்பில் சேர்த்தி. ஆயிரம் சீருடையில் ஆயிரம் பிள்ளைகள் பெயரைத் தைத்துக் கொடுத்தவளுக்குத் தன் புருஷன் சட்டையில் ஒரு வரி தைக்கத் தோன்றவில்லை! தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரெண்டு மணி நேரம் போயிற்று. கால் இழுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு டிராம் நிறுத்தம். ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில், கண்ணாடியோடு ஒட்டினாற்போல, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குல்லா. கண் சாலையை விட்டு அசையவில்லை.

பெனினா பிறந்த நாள் முதல் சபத்தில் சக்கரம் வைத்த எதிலும் ஏறியதில்லை. அதையெல்லாம் நினைக்க அவளுக்கு நேரமில்லை, ஏறிவிட்டாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க!" அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கை ஐஸாக இருந்தது. "எந்திரிங்க, இறங்கலாம்!"

அவர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார். "யாரும்மா நீங்க? கையை விடுங்க!"

மகளிடம் சொன்ன சொல் அவள் காதிலேயே கேட்டது. கோட்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். அவர் தடுக்கவில்லை, பக்கத்துச் சீட்டில் ஒட்டிக்கொண்டு உட்காரவும் விட்டார். பழைய பஸ்காரரின் மரியாதை குரலில் திரும்பி வந்தது.

"சபத் உடுப்பெல்லாம் உடுத்திட்டு இன்னும் வெளிய சுத்தறீங்களேம்மா. நேரமாச்சு. வெள்ளிக்கிழமை கடைசி டிரிப் இது. எங்க இறங்கணும்? ஏன் அழறீங்க?"

"என் வீட்டுக்காரரைக் காணோம்" என்றாள்.

"அடப் பாவமே. வந்துருவார்மா, கவலைப்படாதீங்க. சபத்துன்னா மனுஷன் எப்படியும் வீடு வந்து சேந்துருவான்."

"நீங்க எங்க இறங்கணும்?"

"நானா?" அவர் முகம் மலர்ந்தது. "பெனினா நிக்கிற ஸ்டாப்ல. வெள்ளிக்கிழமை ஸ்டாப்புக்கே வந்து நிப்பா, இடுப்புல கையை வச்சுக்கிட்டு. ஒரு நிமிஷம் லேட்டானா போதும், ஊரே கேக்கற மாதிரி திட்டுவா."

வாஸ்தவம்தான், இருபது வருஷம் நின்றாள். தையல் மிஷினை மூடிவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு, ஈரத் தலையோடு ஓடிப் போய் நிற்பாள்.

கையைப் பிடித்து இழுத்தால் வரமாட்டார், அது தெரிந்துபோயிற்று. அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றது. பெனினா எழுந்தாள். அவரை வண்டிக்குள் விட்டுவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். கதவு மூடினால் தொலைந்தது, இன்னொரு தடவை கிடைப்பாரா? நடைபாதையில், அவர் ஜன்னலுக்கு நேராக நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள். குரலை உயர்த்தினாள்.

"அஸ்ரியேல்! வீட்டுக்கு வரதா உத்தேசம் உண்டா இல்லையா? விளக்கேத்தற நேரம் இது! நான் என்ன இங்கயே நின்னு வேர் விடணுமா?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி கிளம்பும் மணி அடித்தது. பெனினா கையை இறக்கவில்லை. கடவுளே, கடவுளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் எழுந்தார். ஓட்டுநர் அறையின் கதவை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது.

"கத்தாதடி பெனினா. வந்துட்டேன்ல" என்றார். அவள் அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். அவர் மட்டும் அவள் தோளுக்கு மேலாக, தூரத்தில் வளைவில் திரும்பும் டிராமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில ஒரு வயசான அம்மா, பெனினா. புருஷனைத் தொலைச்சுட்டு அழுதுட்டே இருந்தா. பாவம், அவளை அப்படியே விட்டுட்டு இறங்கிட்டேன்."

பெனினா அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரை போட்டுவிட்டாள்.

"கிடைச்சுட்டாராம்" என்றாள். "நடங்க, குளிருது."