லொத்தர்க் காசு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?

செவ்வாய்க்கிழமை காலை காரைநகர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்த நெடுந்தீவுக்காரர் ஒருவர், "ரீச்சர், லொத்தர் சூசை அண்ணை மோசம் போயிட்டார், தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முதல்நாள் பின்னேரம் கடற்கரையில் கதைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, நெடுந்தீவுக்குப் போகும் மத்தியானப் படகுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நின்றேன்.

அந்தப் படகில் போய்வந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை அண்ணை கடற்றொழில் செய்தவர். முழங்கால் நசுங்கியபின் கடலுக்குப் போக முடியாமல், படகில் வரும் சனத்துக்கு அரசாங்க லொத்தர் ரிக்கற், அதாவது அதிர்ஷ்டலாபச் சீட்டு, விற்றார். கடல் தண்ணீர் படாமல் ரிக்கற்றுகளை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருப்பார். "பிள்ளையளின்ரை படிப்புக்கு ஒண்டு எடுங்கோ. விழுந்தால் உங்களுக்கு, விழாட்டில் பள்ளிக்கூடத்துக்கு" என்பார். யாழ்ப்பாணத்து முகவர் சொல்லிக்கொடுத்த வசனம் அது. அதைக் கேட்டு வாங்காமல் இருக்க நல்ல கல்நெஞ்சு வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போனேன். சொந்த ஊர் சுருவில் என்ற கிராமம். திங்கள் போய் வெள்ளி திரும்புவேன். எங்கள் ஆய்வுகூடம் என்பது ஒரு அலுமாரி. அதற்குள் இரண்டு சோதனைக் குழாய்களும் வெடித்த கண்ணாடி வில்லை ஒன்றும் இருந்தன. ஒரு திங்கட்கிழமை, கடல் கொந்தளித்துப் படகு ஆடிக்கொண்டிருந்த நேரம், அவர் ரின்னை நீட்டினார். எரிச்சலில், "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, அண்ணை?" என்று கேட்டேன். "கேட்டுச் சொல்லுறன், ரீச்சர்" என்றார். கரை இறங்கியதும் நான் அதை மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. எங்கள் அதிபரிடம் கேட்டார். தபாற்கந்தோரில் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. முகவரிடமும் கேட்டார். "உனக்கேன் உந்தத் தேவையில்லாத கதை? வித்தால் கமிசன் வரும்" என்று முகவர் துரத்திவிட்டாராம். அதன்பிறகு சூசை அண்ணை அந்த வசனத்தைச் சொல்வதில்லை. ரின்னைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். பேசாமல் இருக்கிற லொத்தர்க்காரரிடம் யார் வாங்குவார்கள்? அவருடைய மூத்த மகள் ஸ்ரெல்லா விஞ்ஞானம் படிப்பதற்காக யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வசதி இல்லாதபடியால்தான் அங்கே போனாள். விடுதிக்காசு முழுக்க இந்தக் கமிசனில்தான் போனது. அவளைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

வீடு தேடிப் போனேன். "அண்ணை, நான் பகிடிக்குக் கேட்டனான். வழமைபோலச் சொல்லி வில்லுங்கோ" என்றேன்.

"நீங்கள் பகிடிக்குத்தான் கேட்டனீங்கள். ஆனால் எனக்கு உண்மையாத் தெரியாது, ரீச்சர். தெரியாததை எப்பிடிச் சொல்லி விக்கிறது?"

அப்போதுதான் எனக்கும் அறியும் ஆசை வந்தது. அந்தக் காசு எங்கேதான் போகிறது? அந்த மாதம் சீட்டிழுப்பு யாழ்ப்பாணத்தில் நடக்கிறது என்று அறிந்து, ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். மண்டபம் நிறையச் சனம். மேடையில் இலக்கங்கள் உருளும் பீப்பாக்கள். கள்ளம் இல்லை என்று பார்க்கச் சபையிலிருந்து சிலரைக் கூப்பிட்டார்கள். சூசை அண்ணை காலை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிட்டார். ஒவ்வொரு பீப்பாவுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். "எல்லாம் சரி" என்றார். ஆனால் இறங்கவில்லை.

"ஐயா, பரிசு விழுறதை ஊரைக் கூப்பிட்டுக் காட்டுறியள். மிச்சக் காசு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது எண்டதையும் இப்பிடி எல்லாருக்கும் முன்னாலை காட்ட ஏலாதோ?"

சபை சிரித்தது. அங்கிருந்த அதிகாரி சிரிக்கவில்லை. அந்தக் காசு திறைசேரிக்குப் போகிறது, அங்கே மற்ற வரிக் காசோடு சேர்கிறது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, றோட்டு எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இந்த ரிக்கற் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். பஸ்ஸில் திரும்பும்போது சூசை அண்ணை, "மரியாதையான மனிசன். ஆனால் கடலுக்கை ஊத்தின குடத்துத் தண்ணியை நான் எங்கை தேடுறது?" என்றார். நான் ஊர் வரும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சில வாரங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி ஒன்று, குழாய்களைச் சூடாக்கும் மதுசார விளக்கு, குழாய்கள். செய்தி கேட்டு சூசை அண்ணை காலை இழுத்துக்கொண்டே அவசரமாக வந்தார்.

"ரீச்சர், உது லொத்தர்க் காசோ?"

எனக்கு ஸ்ரெல்லாவின் நினைவுதான் வந்தது. "ஓம் அண்ணை" என்றேன்.

"காயிதத்திலை அப்பிடி எழுதியிருக்கோ?"

பெட்டியோடு வந்த காயிதத்தை நான் மடித்து வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் என்னிலை இரக்கப்பட்டுச் சொல்லுறியள். உதை நான் சனத்திட்டைக் கொண்டுபோய்ச் சொல்ல ஏலாது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு, இடுப்பில் கட்டியிருந்த சறத்தில், மீன் கழுவும்போது ஒட்டிய செதிள் ஒன்றைக் கிள்ளி எடுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டச் சொன்னார். நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இவ்வளவு வடிவானதையோ இத்தனை வருசமாக் கழுவி ஊத்தினனான்?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை படகில் அவருடைய குரல் மறுபடியும் கேட்டது. "லொத்தர்க் காசிலை படிக்கிற பிள்ளை ஒண்டை எனக்குத் தெரியும். அது என்ரை மூத்தவள். என்ரை கமிசனிலை படிக்கிறாள். மிச்சப் பிள்ளையளைப் பற்றி எனக்குத் தெரியாது, அரசாங்கத்தைத்தான் கேக்கவேணும். விருப்பமெண்டால் எடுங்கோ."

படகு முழுக்கச் சிரிப்பு. "உன்ரை மேளுக்கு நாங்களோ படிப்பிக்கிறது?" என்று ஒருவர் ஏசிக்கொண்டே இரண்டு வாங்கினார். வாங்காமல் முகத்தைத் திருப்பியவர்களும் உண்டு. விற்பனை பழையபடி வரவில்லை. ஆனாலும் விடுதிக்காசு தட்டுத்தடுமாறிக் கட்டுப்பட்டது. ஸ்ரெல்லா படிப்பை முடித்து இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருக்கிறாள். நான் காரைநகருக்கு மாற்றலாகிப் போனபின்னும், காசு எங்கே போகிறது என்று தெரிந்ததா எனக் கேட்டு அவர் எனக்குக் கடிதம் எழுதுவார்.

நான் போனபோது அவள் தகப்பனின் தலைமாட்டில் இருந்தாள். சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுதிரி எரிந்தது. என் கையைப் பிடித்து, "ரீச்சர், அந்தக் காசு எங்கை போகுதெண்டு அப்பா எந்த நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். உங்களுக்குக் கடிதம் எழுதினவர் எண்டும் சொன்னவர். கடைசியிலை எண்டாலும் ஒரு மறுமொழி கிடைச்சதோ?" என்று கேட்டாள்.

கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூடச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "தெரியாமல்தான் போனவர்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இரக்கத்துக்காகவும் பொய் சொல்லாத பழக்கத்தைத்தான் சூசை அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அவருடைய வீட்டிலேயே, அவருக்கு முன்னாலேயே கைக்கொள்ள வேண்டி வந்தது.