உலையில் ஏறாத அரிசி

நீலாம்பாள் அவியலுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். சேனை அரிக்கும் என்பதால் கை முழுவதும் தேங்காய் எண்ணெய். துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன. கண் மட்டும் முற்றத்துப் பந்தலில் வந்து உட்காருகிறவர்களையே சுற்றியது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு. அமரவிளையில் அவளுடைய அண்ணன் பூதலிங்கம் பிள்ளை நடத்திய நிதிக் கம்பெனியின் வருஷக் கூட்டம் அன்று. அவர் மனைவி உமையம்மாளுக்கு நிறைமாதம், காலில் வீக்கம். பேறு பார்க்கிறவள் நான்; அவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் தங்கியிருந்தேன்.

நீலாம்பாள் விதவை, பிள்ளை இல்லை. குடும்பச் சொத்தைப் பாகம் வைத்தபோது கிடைத்த பணம் முழுவதும் அந்தக் கம்பெனிப் பங்குகளில் இருந்தது. அது போனால் சாகும்வரை அண்ணன் வீட்டு அடுக்களைதான்.

அங்கே வழக்கம் முதலில் சாப்பாடு, பிறகு கூட்டம். பாயசம் குடித்தவன் வீட்டுக்காரனிடம் கேள்வி கேட்க மாட்டான். கையெழுத்துப் போடுவான், லாபத்தை வாங்குவான், வெற்றிலையோடு எழுந்து போவான். ரப்பர் விலை தரையில் கிடந்த அந்த வருஷத்திலும் லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஊரே பூதலிங்கத்தை மெச்சியது. நீலாம்பாளுக்கு மட்டும் அதைக் கேட்டது முதல் உறக்கம் இல்லை.

"கடன் வாங்கினவன் ஒருத்தனும் திருப்பித் தரல்ல. பின்ன லாபம் எங்கேருந்து வருது, மைனி? நம்ம முதலையே எடுத்து நமக்கு விளம்புறாங்க ஆக்கும்."

"மிண்டாம சும்மா இரி," என்றாள் உமையம்மாள். "உனக்க அண்ணன் உன்னைக் கெடுப்பாரா?"

"அண்ணன் ஆனதுனாலதான் கேக்கணும். அன்னியன்கிட்டே நான் பணமே குடுத்திருக்க மாட்டேனே."

அவளைத் துணிச்சல்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையிலிருந்து மூன்று தடவை அண்ணனிடம் கேட்கப் போய், அடுக்களை வாசலிலேயே திரும்பி வந்தாள்.

உலை கொதித்தது. களைந்த அரிசி பக்கத்திலேயே இருந்தது. அவள் போடவில்லை.

பூதலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார். "எடி, இலை போடலாமா?"

"சோறு ஆகல்ல, அண்ணா. கணக்கை வாசியுங்க, அதுக்குள்ள வெந்திரும்."

அவர் உலையைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். பந்தலுக்குக் கேட்கும் என்பதால் கத்த முடியவில்லை. வெள்ளறடையிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த பங்குதாரர் தாணு பிள்ளைக்குப் பசி பொறுக்கவில்லை. "பூதலிங்கம், வாயைப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு அந்தக் கணக்கையாவது வாசிக்கச் சொல்லும்வே. நேரம் போவும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் குமாஸ்தா வாசித்தான். அப்போதுதான் அரிசி உலையில் விழுந்தது.

கொடுத்த கடனில் பாதிக்கு மேல் பூதலிங்கத்தின் பேரில் இருந்தது, மலைச்சரிவில் ரப்பர் போட வாங்கியது. வட்டியாக ஒரு சக்கரக் காசுகூட வரவில்லை.

ஆனால் தாணு பிள்ளைக்குக் கோபம் வந்தது கணக்கின் மேல் இல்லை. "பொம்பள ஒருத்தி சோத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கணக்கு கேக்கா. இது என்ன வீடுவே?" என்றார். எல்லா முகமும் அடுக்களைப் பக்கம் திரும்பியது. பூதலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். "எனக்க தங்கச்சிக்கு நம்பிக்கை இல்லேன்னா அவளுக்க பங்கை நானே எடுத்துக்கிடுதேன். நாளைக்கே."

மற்றவர்கள் உண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவர் தங்கையைக் கூப்பிட்டார். "பணமா தர இல்லை. மலைச்சரிவுல மூணு ஏக்கர் எழுதித் தாறேன். வேணுமா?" வேண்டாம் என்பாள் என்ற நினைப்பில்தான் கேட்டார்.

"வேணும்," என்றாள்.

உமையம்மாள் அழுதாள். "ஒருத்தனுக்கும் வேண்டாத மரத்தை வச்சு என்ன செய்யப் போற, மக்கா?"

"இடையில மரச்சீனிக் கிழங்கு நடுவேன். விலை போகல்லேன்னா அவிச்சுத் திங்கலாம். பங்கை அவிச்சுத் திங்க முடியுமா, மைனி?"

மறுநாள் காலை, அண்ணன் மனசு மாறுவதற்குள், அவளே வண்டிக்காரனை எழுப்பி மாட்டைப் பூட்டச் சொன்னாள். நெய்யாற்றங்கரைப் பதிவு ஆபீசில் எழுத்தர் நாலு எல்லையையும் வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பதிந்து முடிந்ததும் பூதலிங்கம் வண்டியில் ஏறினார். அவள் ஏறவில்லை. ஒரு நில அளவுக்காரனைக் கூட்டிக்கொண்டு, மலைச்சரிவுக்குப் போகும் வெள்ளறடைப் பாதையில் நடந்தாள்.