அம்மாவுக்கு ஒரு தனி அறை

அம்மா இரண்டு தடவை அடுப்பை நிறுத்த மறந்தார். முதல் தடவை பால் பொங்கிக் கருகியது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது குசினி முழுக்கப் புகை. அம்மா முன்னறையில் தொலைக்காட்சி பார்த்தபடி, "ஆரோ வெளியில குப்பை கொளுத்தினம் போல" என்றார். மொன்றியலின் மாசிப் பனியில் குப்பை கொளுத்துகிறார்களாம்! கத்தினேன். கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த கிழமை, வேலைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனேன். குறை சொல்ல முடியாத இடம். கல்லுச் சுவர், கணப்பு, சூப் வாசம். படங்கள் போட்ட ஒரு சிறு புத்தகம் தந்தார்கள். அதைக் கொண்டுவந்து என் அலுமாரியில் ஒளித்தேன். இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மாவிடம் கதைக்க வேண்டும். புரோசார்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் அந்தப் பயணம். நான் படித்த பழைய பல்கலைக்கழக நகரம் கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். அங்கே நான் படித்த நாலு வருடமும் அம்மா தையல் ஆலையில் இரவும் பகலும் நின்றார். பட்டமளிப்புக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. "உன்ர கம்பஸை ஒருநாள் காட்டு, பிள்ளை" என்று எத்தனை வருடமாகக் கேட்டிருப்பார். நகரத்துக்குச் சற்று வெளியே, வயல்களுக்கு நடுவில், குதிரைவண்டிக் காலத்துக் கல் விடுதி ஒன்று உண்டு. மாணவியாக இருந்தபோது பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்த கட்டடம். வைகாசியில் அங்கே இரண்டு நாளுக்குப் பதிவு செய்தேன். "ரெண்டு நாளுக்கு உடுப்பு எடுங்கோ" என்றேன். அம்மா பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்தார். நான் அதைத் தூக்கிக் காரில் ஏற்றினேன்.

விடுதி வரவேற்பறையில் கணப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள், முழங்காலில் போர்வையோடு, சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள். வரவேற்பு மேசையடியில் நின்ற பெண், அம்மாவால் படி ஏற முடியுமா, ஒத்துவராத சாப்பாடு ஏதும் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்துக் கட்டில்கள் ஒடுக்கம், அம்மாவின் குறட்டையோ நல்ல அகலம். அதனால் இரண்டு அறை எடுத்திருந்தேன்.

"எனக்குத் தனி அறையோ?"

"ஓம் அம்மா. குளியலறையில பிடிக்கிறதுக்குக் கம்பியும் இருக்கு."

"நீ?"

"நான் மேல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு அறைக்கு நடந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டினேன். அம்மா சிவப்புச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாப் படிச்சாய். எனக்கு அது காணும்" என்றார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டிலும் நினைத்தேன். சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, "இடம் பிடிச்சிருக்கோ அம்மா?" என்று நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிடிச்சிருக்கு. நீ பயப்பிடாதை."

அம்மா எதற்கு எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று விளங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அன்றிரவு தூங்கவே இல்லை.

புறப்படும் காலை அம்மாவின் அறைக்குப் போனேன். சூட்கேஸ் வெறுமையாகக் கிடந்தது. சேலைகள் எல்லாம் அலுமாரியில். ஜன்னலில் பிள்ளையார் படம், மேசையில் மருந்துகள் வரிசையாக. அம்மா முழுகி, திருநீறு பூசி, கட்டில் ஓரத்தில் இருந்தார். கைலேஞ்சியில் முடிந்த தன் இரண்டு தங்கக் காப்பையும் என்னிடம் நீட்டினார்.

"இதை நீ கொண்டுபோ. இஞ்ச களவு போனாலும் போகும். மழைக்கு முன்னம் வெளிக்கிடு. நான் அழமாட்டன்."

"என்னம்மா கதைக்கிறியள்?"

அம்மா தலையணைக்குக் கீழிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்தார். "உன்ர சீலையளை மடிச்சு வைக்கேக்க கண்டனான். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. படம் விளங்கும்தானே. இதே கல்லுச் சுவர், இதே நெருப்பு, இதே கிழடுகள்."

எங்கள் வீட்டில் உடுப்பு மடித்து அடுக்குவது அம்மா என்பதைக்கூட யோசிக்காமல் ஒளித்திருக்கிறேன். இரண்டு நாளாக அம்மா என்னிடம் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கோபமும் இல்லாமல்.

"இது ஹோட்டல், அம்மா. சும்மா நிண்டிட்டுப் போக வந்தனாங்கள். ரெண்டுபேரும் வீட்டை போறம்."

அம்மா அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். காப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப மற்ற இடம் எங்க இருக்கு?"

"லொங்குய்யில. எங்கட வீட்டிலயிருந்து பஸ்ஸில இருபது நிமிசம். ரெண்டாம் மாடி. ஆத்துப் பக்கம் ஜன்னல்."

ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதுவரை தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேன். அம்மா தலையாட்டினார். எழுந்துபோய் அலுமாரியிலிருந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.