பதினொரு வீட்டு நாய்க்குப் பத்தியம்

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவர் நெல்தா ஒயர்சூன். ஓய்வு பெற்ற பிறகு நாய்களுக்குச் சமைக்கிறார். சிலி நாட்டு வால்பரைசோவில் எங்கள் குன்றின் படிக்கட்டில் பாதி ஏறினால் பச்சைக் கதவு போட்ட வீடு வரும். அதுதான் அவர் வீடு. காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் போனால் வேகும் கோழி இதயத்தின் வாசனை உங்களை நிறுத்திவிடும். யாராவது சிரித்தால் அவர் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"பிள்ளைங்க காயைத் தட்டோரமா ஒதுக்கி வைக்கும். நாய் ஒதுக்காது. முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் என் சமையலுக்கு மரியாதை கிடைச்சிருக்கு."

கோழி இதயம், கொஞ்சமே கொஞ்சம் ஈரல், மஞ்சள் பூசணி, ஓட்ஸ், காயவைத்த கடற்பாசி ஒரு சிட்டிகை, வறுத்து அரைத்த முட்டை ஓடு. உப்பில்லை, வெங்காயமில்லை. இதெல்லாம் ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. அவருடைய சொந்த நாய் பெலூசா சொறிந்து சொறிந்து முதுகு முழுக்க வழுக்கையானபோது, கால்நடை டாக்டர் யஸ்னாவிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். யஸ்னா நெல்தாவின் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்த பெண். இன்றைக்கும் "அத்தை" என்றுதான் கூப்பிடுவார். ரொட்டியையும் சாசேஜையும் முதலில் நிறுத்துங்கள் என்று அவர் சொன்னதும், நெல்தா ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கேள்வி எழுத ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு நாற்பது கேள்வி. அன்றிலிருந்து அவருக்குக் கடைசி டோக்கன்தான் கிடைக்கிறது, பின்னால் காத்திருப்பவர்கள் பாவமாம்.

புண்ணுக்கு மாத்திகோ மூலிகை இலையைக் கொதிக்கவைத்துக் கழுவுவார். வயசான நாய்களைக் கம்பளத்தில் படுக்கவைத்து இடுப்பை மெதுவாக நீவிவிடுவார். ஆனால் அவர் தாண்டாத கோடு ஒன்று உண்டு: "புண்ணுக்கு இலை, எலும்புக்கு டாக்டர்." கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நோட்டைத் திறந்து டாக்டருக்குப் போன் செய்வார்.

இப்படிப்பட்டவரை எங்கள் படிக்கட்டு நாய் ஒன்று நாய் படாத பாடு படுத்தியது.

அந்த நாய்க்குச் சொந்தக்காரர் கிடையாது. இங்கே படிக்கட்டு நாய்கள் அப்படித்தான், படிக்கட்டுக்கே சொந்தம். செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். தினமும் படிகளில் ஏறி இறங்கி எல்லா வாசலையும் பார்வையிடுவான் என்பதால் நெல்தா அவனுக்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தார். படுப்பது அவர் வாசலில். ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரத்தில், மந்திரி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான்.

யஸ்னா முழங்காலை மடக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். உள்ளே ஜவ்வு அறுந்திருந்தது. நாயை எடைமேடையில் ஏற்றினார்கள். முப்பத்தொன்பது கிலோ நானூறு கிராம்.

"அத்தை, சன்டியாகோவிலிருந்து எலும்பு சர்ஜன் ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், என் நண்பர். தெருநாய் ஒண்ணு ரெண்டுக்குக் காசில்லாம பண்ணிக் கொடுப்பார். இந்த வருஷம் செப்டம்பர் இருபத்தி நாலு. ஆனா முப்பத்தி மூணு கிலோவுக்கு மேல இருந்தா இவனை மேஜைல ஏத்த மாட்டார். மயக்க மருந்தும் ஆபத்து, போட்ட தையலும் நிக்காது."

"தவறிப்போனா?"

"அடுத்த செப்டம்பர். அதுக்குள்ள அந்தப் பக்கத்துக் காலும் போயிடும்."

இரண்டு பின்னங்காலும் போன நாய்க்கு நூற்று அறுபத்தொரு படியுள்ள குன்றில் என்ன வாழ்க்கை? நெல்தா நோட்டில் 33 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பத்தியம் அன்றைக்கே ஆரம்பித்தது. ஈரல் குறைந்தது, பூசணி கூடியது. காலையிலும் மாலையிலும் அளந்த கிண்ணம். மழை விட்டபோது சமதரையில் பத்து நிமிடம் மெதுவான நடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் படிக்கட்டின் அடியில் தோன் ஃபெர்மினின் மளிகைக்கடையில், உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் எடை. இரண்டாம் ஞாயிறு முள் முப்பத்தொன்பது எண்ணூறில் நின்றது.

"வெசினா," என்றார் ஃபெர்மின். பக்கத்து வீட்டுப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உங்க சூப்பைக் குடிச்சு நாய் நல்லாத்தான் தேறியிருக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்களேன், நான்தான் இளைச்சுப் போயிட்டேன்."

ஃபெர்மினின் வயிறு கடைக்கல்லாவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"உங்க தராசு எப்பவுமே உங்க பக்கம்தானே சாயும், தோன் ஃபெர்மின்."

வாயால் ஜெயித்தாரே தவிர முகம் வாடிப்போயிற்று. தைராய்டு கோளாறோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாய் நலமாக இருந்தது. பிரமாதமான நலம் என்று யஸ்னா சிரித்தாராம்.

அப்புறம்தான் நெல்தாவுக்கு உறைத்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, குடையும் நோட்டுமாக, பத்துப் படி இடைவெளி விட்டு மந்திரியைத் தொடர்ந்தார். எங்கள் குன்றில் அது ரொட்டியும் தேநீருமாக வீட்டுக்கு வீடு மேஜை போடும் நேரம். மந்திரி நொண்டிக்கொண்டே மேல்படிக்குப் போனான். முதல் கதவு திறந்தது. "ஓசோ, வாடா என் தங்கம்" என்று ஒரு கை வெண்ணெய் தடவிய ரொட்டியை நீட்டியது. அடுத்த கதவில் அவன் பெயர் பாஞ்சோ, அங்கே சாசேஜ். அதற்கடுத்த வீட்டில் பழுத்த அவகாடோ. ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் வீட்டில் அவன் அட்மிரல், தனித் தட்டு, நேற்றைய சூப்பின் எலும்பு. கடையில் ஃபெர்மின் கல்லாவுக்குக் கீழே குனிந்து சீஸ் ஓரங்களைப் போட்டுக்கொண்டிருந்தார். நெல்தாவைப் பார்த்ததும் நிமிர்ந்து, "ஏதோ கீழ விழுந்துடுச்சு" என்றார்.

கடைக்குப் பின்னாலிருந்த பதினோராவது கதவு என்னுடையது.

நான் துறைமுகத்தில் சரக்குத் தாள்களை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவள். ஐந்தரைக்கு வீடு திரும்புவேன். வாசலில் ராசு காத்திருப்பான். நான் அவனுக்கு வைத்த பெயர் அது. மழையில் நனைந்து நிற்கும் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. தயிர்சாதம் வைத்தேன், வேறென்ன? நொண்டுகிறானே, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையோ என்று கவலைப்பட்டு ஒரு கரண்டி நெய்யும் விட்டிருந்தேன்.

நெல்தா குடையை மடக்கினார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெசினா, இது என்ன?"

"சாதம். தயிர். கொஞ்சமா நெய்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

நோட்டில் எழுதிக்கொண்டார். பதினொன்று என்று எண் போட்டு, பக்கத்தில் நெய் என்பதைத் தன் காதுக்குக் கேட்டபடி ஸ்பானிஷ் எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஒரு நாயின் முழங்காலை நான்தான் நெய்விட்டு அறுத்தேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நெல்தா செய்த முதல் காரியம் தப்பாகப் போயிற்று. படிக்கட்டின் மூன்று இடங்களில் அட்டை எழுதி ஒட்டினார்: 'செம்பட்டை நாய் பத்தியத்தில் இருக்கிறது. யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்.' எல்லோரும் நின்று படித்தார்கள், தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை எடை நாற்பது கிலோ நூறு.

காரணத்தைக் கப்பல்காரர்தான் ஒத்துக்கொண்டார். "எல்லாரும் நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன், வெசினா. அப்போ அட்மிரல் பட்டினிதானே கிடப்பான்? அதான் ரெண்டு தட்டு வச்சேன்."

பதினொரு வீட்டிலும் அதே நினைப்பு. நானும்தான், நெய்யை மட்டும் நிறுத்தியிருந்தேன். மேஜையில் ரொட்டி இருக்கும்போது வாசலில் நிற்கும் நாயை வெறும் வாயோடு அனுப்புவது இந்தக் குன்றில் யாராலும் முடியாத காரியம். கஞ்சத்தனம் என்று ஊர் பேசும் என்பதற்காகக்கூட இல்லை. தேநீரே தொண்டையில் இறங்காது.

நெல்தா இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு கூடையோடு என் கதவைத் தட்டினார். கூடையில் மூடி போட்ட சின்னச் சின்னக் குவளைகள் பதினொன்று.

"கொடுக்காதீங்கன்னு சொன்னது என் புத்திகெட்டதனம். கொடுங்க. ஆனா இதைக் கொடுங்க. அவனோட ஒரு நாள் சாப்பாட்டைப் பதினொண்ணாப் பிரிச்சிருக்கேன். உங்க பங்கை நீங்க கொடுக்காட்டி அவனுக்கு அவ்வளவு குறையும். ஞாபகம் இருக்கட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. தங்கள் குவளை இல்லாவிட்டால் நாய் பட்டினி என்று தெரிந்ததும் எல்லோரும் கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அலுவலகத்திலிருந்து ஓடிவந்தேன். வெளியூர் போன ஒரு குடும்பம் சாவியோடு குவளையையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தது. ஃபெர்மின் மட்டும், "மூணு ஸ்பூன்தான் இருக்கு, இது நாய்க்கா, கேனரிக் குருவிக்கா?" என்று தினமும் கேட்டுவிட்டு, தினமும் கொடுத்தார். முள் இறங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு, ஆகஸ்ட் கடைசியில் முப்பத்தைந்து. இடுப்பு என்று ஒன்று அவனுக்கு இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. செப்டம்பர் பதினேழாம் தேதி முப்பத்து மூன்று கிலோ நானூறு.

மறுநாள் செப்டம்பர் பதினெட்டு, சுதந்திர தினம். அன்றைக்குக் குன்று முழுக்க இறைச்சி வாட்டும் புகை. வீட்டுக்கு வீடு எம்பனாடா, சோமாசி மாதிரி மடித்துச் சுட்ட பண்டம். உள்ளே கொத்துக்கறி, நிறைய வெங்காயம், உலர்திராட்சை, கொட்டையோடு ஓர் ஆலிவ். அதில் பாதி நாய்க்கு விஷம். நெல்தா விடிவதற்குள் ஓட்ஸ் மாவில் பூசணியும் கோழியும் வைத்து விரல் நீளத்துக்குப் பதினொரு எம்பனாடா சுட்டு வீடு வீடாகக் கொடுத்திருந்தார். நாங்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருந்தோம். விருந்தாளிகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஃபெர்மின் படியேறி வந்தார். அவர் படியேறி நான் பார்த்ததில்லை. நெல்தா வீட்டு வாசலில் வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெசினா, என் மச்சான் ஒரு கழுதை."

"அது ஊருக்கே தெரியும். என்ன ஆச்சு?"

"கில்லோட்டாவிலேருந்து வந்திருக்கான். நான் ரெண்டு கையிலயும் கறி வச்சுத் திருப்பிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா, பாவம் எலும்பும் தோலுமா இருக்கான்னு மந்திரிக்கு எம்பனாடா கொடுத்துட்டான். முழுசா. ரெண்டு."

"எப்போ?"

"இப்பத்தான், பத்து நிமிஷம்."

இலை, நீவல், கஷாயம் எதையும் அவர் தொடவில்லை. ஏப்ரனோடு இறங்கினார், போகும்போதே டாக்டருக்குப் போன். நானும் ஓடினேன். கொடி கட்டிய கடை வேனில் நாய் நடுவில், மச்சான் பின்சீட்டில் நாயைக் கட்டிப்பிடித்தபடி. "நாட்டுக்கு நல்ல நாளாச்சேன்னு கொடுத்தேன், செஞோரா, சத்தியமா" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நாட்டுக்குத்தான் இருநூறு வயசு. வயித்துக்கு இல்ல. அவன் தலையை நிமிர்த்திப் பிடிங்க," என்றார் நெல்தா.

யஸ்னா தன் வீட்டு விருந்திலிருந்து எழுந்துவந்து மருத்துவமனையைத் திறந்து வைத்திருந்தார். ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் மந்திரி இரண்டு எம்பனாடாவையும், பதினொரு குட்டி எம்பனாடாக்களையும், யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு சாசேஜையும் தரையில் வைத்தான். ஃபெர்மின் கூரையைப் பார்த்தார்.

மூன்று நாள் ரத்தம் பார்த்தார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை, ரத்தசோகையும் இல்லை. அந்த மூன்று நாளும் நெல்தா கரண்டி கரண்டியாகக் கோழிச்சாறு ஊட்டினார். இருபத்திரண்டாம் தேதி எடைமேடையில் எண் ஓடி ஓடி நின்றது. முப்பத்திரண்டு எண்ணூறு.

"பார்த்தீங்களா," என்றார் ஃபெர்மின். "என் மச்சான் இல்லாட்டி இது நடந்திருக்குமா?"

நெல்தா நோட்டில் வட்டத்துக்குள் இருந்த 33-ஐப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

இருபத்தி நாலாம் தேதி அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. பிறகு வேறொரு சண்டை. ஆறு வாரம் படி ஏறக்கூடாது. பதினொரு பேருமே என் வீட்டில், என் வீட்டில் என்றோம். நான் விடுப்புக்கூட எழுதிவிட்டேன், ஆனால் என் வாசலுக்கே மூன்று படி ஏறவேண்டும். படியே இல்லாத வாசல் குன்றில் ஒன்றுதான், ஃபெர்மினின் கடை. நெல்தா நோட்டிலிருந்து நான்கு பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

"சீஸ்?" என்று கேட்டார் ஃபெர்மின்.

"கீழ விழவே கூடாது."

அன்றிலிருந்து நெல்தாவின் போன் காலை ஆறு மணிக்கே அடித்தது. வெசினா, ஓட்ஸ் கெட்டியாயிடுச்சு, தண்ணி விடலாமா? வெசினா, அவன் என்னையே பார்த்துட்டிருக்கான், வலிக்குதோ? வெசினா, நீவும்போது கட்டைவிரலா, உள்ளங்கையா? ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி என்று நெல்தாவே எண்ணுவதை விட்டுவிட்டார்.

நவம்பரில் ஒரு காலை யஸ்னா அனுமதி கொடுத்தார். நாங்கள் படிக்கட்டின் அடியில் கூடி நின்றோம். மந்திரி முதல் படியை மோந்து பார்த்தான், தைத்த காலை ஊன்றினான், ஏறினான். இரண்டாவது. மூன்றாவது. மேலே ஏதோ ஒரு கதவு திறந்து ரொட்டி வாசனை வந்தது. நாய் காதை நிமிர்த்தியது.

"இன்னிக்கு மூணு போதும்," என்று நெல்தா கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "யாருப்பா மேல அது? கதவைச் சாத்துங்க."