இரும்பில் முளைத்த கணு

ஒரகடத்தில் நான் டீ வண்டி தள்ளும் கம்பெனியில், மூன்றாம் லைன் ஓரமாக ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு நிற்கிறது. வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை, மொத்தம் இருபத்து நான்கு ஓட்டை. மூன்றாம் வரிசையில் நாலாவது ஓட்டை மட்டும், சம்பள நாளில் கடைக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி, இடது பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தச் சாய்வு எப்படி வந்தது என்பது முதலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நான். இன்னொருத்தி சுகப்பிரியா.

சுகப்பிரியா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் என் வீட்டுக்கு எதிரே உள்ள ஹாஸ்டலில் ஆறாம் நம்பர் ரூம். எங்கள் கம்பெனியில் இரண்டு வருட டிரெய்னி. டிரெய்னி என்றால் வேலையில் ஒரு குறையும் இருக்காது, பெர்மனென்ட் ஆள் செய்கிற அதே வேலைதான். சட்டை கலர் மட்டும் வேறு. இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். தப்பிக்க ஒரே சந்து கைசன் போர்டு. வேலையைச் சுலபமாக்க யோசனை சொல்லி, அது பலித்து, போர்டில் பேர் ஏறினால் அந்த டிரெய்னியை பெர்மனென்ட் ஆக்குவார்கள். ஏழு வருடத்தில் அப்படி ஏறியது நாலே பேர். அந்தப் பேருக்காகத்தான் இவ்வளவு ரகளையும்.

இதற்கெல்லாம் மூல காரணம் என் சம்சாரம் சரோஜாதான் என்று சொன்னால் அவள் இன்றைக்குச் சோறு போட மாட்டாள். ஆனாலும் உண்மை அதுதான். சுகப்பிரியா தன் ரூம் தோழி வேல்விழியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் சரோஜா. சரோஜா மடியில் ஒரு பூசணிக்காய். வேகத்தடை வந்தது. பூசணிக்காய் எழுந்து போய்க் கேக் மேல் உட்கார்ந்தது. பெட்டியைத் திறந்தால் வேல் ஒரு பக்கம், விழி ஒரு பக்கம்.

வேறு பெண்ணாக இருந்தால் சரோஜாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க பாதி வேலைய முடிச்சுட்டிய. இத உதுக்கத்தான் செய்யணும்" என்றாள்.

போனில் எதிலோ பார்த்திருக்கிறாள். நொறுங்கிய கேக்கை நன்றாக உதிர்த்து, டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டினாள். உருண்டைகள் வார்டன் அம்மாவின் பிரிட்ஜில் அரை மணி நேரம் இறுகின. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினாள். காகிதக் குச்சியின் நுனியை முதலில் அதில் தொட்டு, அப்புறம் உருண்டையில் செருகினாள். அப்படிச் செய்தால்தான் பிடிக்குமாம், இல்லையென்றால் உருண்டை வழுக்கி விழுந்துவிடுமாம். பிறகு முழு உருண்டையையும் முக்கி, குச்சியைச் சுற்றிச் சுற்றி வழிசலைத் தட்டிவிட்டு, மேலே கலர் மிட்டாய்த் தூள். இதன் பேர் கேக் பாப். சரோஜா வைத்த பேர் குச்சிக் கேக்.

எல்லாம் சரி, காய வைப்பதில்தான் வந்தது வினை. தட்டில் படுக்க வைத்தால் ஒரு பக்கம் சப்பிப்போகிறது. தெர்மாகோலில் குத்தினால் பாரம் தாங்காமல் மொத்தமும் குப்புற விழுகிறது. அரிசி வாளியில் குத்தி நிறுத்தினாள். சாக்லேட் மேலெல்லாம் அரிசி ஒட்டி, அட்சதை போட்ட மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது.

பூசணிக்காய்ப் பாவம் எங்கள் வீட்டு மேல் இருந்ததால் நான் இறங்கினேன். பழைய இரும்புக் கடையில் பேக்கிங் மரப்பலகை ஒன்று வாங்கிவந்தேன். எலெக்ட்ரீசியன் லோகேஷிடம் டிரில் இரவல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, சுகப்பிரியா அளந்து பென்சிலால் புள்ளி வைத்து ஓட்டை போட்டாள். மூன்றாம் வரிசை நாலாவது புள்ளியில் மரத்தில் ஒரு கணு. டிரில் கிர்ரென்று வழுக்கி இடது பக்கம் இறங்கிவிட்டது.

"அய்யோ அண்ணாச்சி, கோணிட்டு."

"கணும்மா. டிரில்லு இன்னா பண்ணும்? வேற பலக பாக்கலாமா?"

"வேண்டாம். இந்த ஓட்டைக்கு மட்டும் குட்டைக் குச்சி வச்சா பக்கத்து உருண்டைல முட்டாது."

பலகைக்குக் கால்களாகப் பாட்டில் மூடிகளை ஒட்டினாள், ஓரத்துக்குச் சரிகைத் தாள். கடைசியாகப் பலகையைத் திருப்பி அடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ எழுதினாள். ஹாஸ்டலில் வாளி, சோப்பு டப்பா, எல்லாவற்றிலும் இப்படி எழுதி வைத்தால்தான் தங்குமாம்.

அதன் பிறகு லைனில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் டீ நேரத்தில் இந்த ஸ்டாண்டு வந்துவிடும். இருபத்து மூன்று உருண்டை ஒரே உயரத்தில் நிற்கும், ஒன்று மட்டும் குட்டையாகத் தலை சாய்த்திருக்கும்.

மூன்றாம் லைனில் கார் டேஷ்போர்டுக்குத் திருகு நாப் செய்கிறார்கள். அதை லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கித் தட்டில் கிடத்திக் காய வைப்பார்கள். ஒரு பக்கம் தழும்பு விழும், ரிஜெக்ட் ஆகும். சூப்பர்வைசர் சுபாஷ் தினமும் அதற்காகக் கத்துவார். ஒரு நாள் அவர் வாயில் கேக் பாப் இருக்கும்போது சுகப்பிரியா சொன்னாள்.

"சார், நம்ம நாபும் இந்த உருண்டையும் ஒண்ணுதான். கெடத்துனா சப்பிரும். இதுமாதி குச்சில நிக்க வச்சுக் காயப்போட்டா ரிஜெக்டே வராது."

"ஐயே! கேக்கையும் காரையும் ஒண்ணாக்கிட்ட பாரு" என்று சிரித்தார் சுபாஷ். சிரித்து முடித்துவிட்டு, "சரி, அந்தக் கட்டைய குடு. ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் மூன்று வாரமானது. கேட்டபோது, "அது எங்கியோ பூடுச்சும்மா. ஹவுஸ்கீப்பிங்ல தூக்கிக் கடாசியிருப்பாங்க. ஒரு கட்டைக்கு இன்னா இவ்ளோ அலப்பற?" என்றார்.

நாலாம் வாரம் லைனில் ஸ்டீல் ஸ்டாண்டு வந்து நின்றது. நாப்களைக் குச்சியில் நிறுத்திக் காய வைத்தார்கள். தழும்பே இல்லை. கைசன் போர்டில் சுபாஷின் போட்டோ, பற்பசை விளம்பரத்துக்குப் போஸ் கொடுத்த மாதிரி. கீழே அவர் பேர் மட்டும்.

சுகப்பிரியா என் வண்டியிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, அந்த ஸ்டாண்டுல மூணாவது வரிச நாலாவது ஓட்டையப் பாத்தியளா?"

போய்ப் பார்த்தேன். சாய்ந்திருந்தது. அச்சு அசல் அதே இடது பக்கம். எனக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே கோபமாகிவிட்டது. திருடுகிறவன் நல்லதைத் திருடுவான். இந்த ஆள் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்!

அவளுக்கு டிரெய்னிங் முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. நேராக எச்.ஆர். மேடம் சசிரேகாவிடம் போனாள். நான் அப்போது அந்த அறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐடியா யாரு வேணா சொல்லலாம்மா" என்றார் மேடம். "இம்ப்ளிமென்ட் பண்ணது சூப்பர்வைசர்தானே? வேணும்னா 'சுபாஷ் அண்டு டீம்'னு போடச் சொல்றேன். டீம்ல நீயும் வந்துடுவ."

"டீம்னு ஒருத்தி டெய்லி வந்து கார்டு பஞ்ச் பண்ணுதாளா மேடம்? அவளுக்கா பெர்மனென்ட் குடுப்பிய?"

"வாய் ஜாஸ்தி. சரி, சாட்சி இருக்கா?"

"இந்தா நிக்காவளே, டீ அண்ணாச்சி. பலகையப் பிடிச்சதே அவுகதான்."

மேடம் என்னைப் பார்த்தார். கேன்டீன் கான்ட்ராக்டை அந்த மாதம்தான் புதுப்பிக்க இருந்தார்கள். ஊரிலுள்ள அத்தனை பேர் கதையையும் கேட்காமலே சொல்லும் என் வாய், அன்றைக்குப் பார்த்து, "டீ ஆறிடும் மேடம், வண்டி வெளிய நிக்குது" என்றது. வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் டீ வாங்கவில்லை. வாங்கியிருந்தால்தான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் நடந்ததைக் கேளுங்கள். எங்களிடம் நாப் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருவதாகவும், அன்றைக்கு சுபாஷுக்குப் பாராட்டு என்றும் முடிவானது. சுபாஷ் சுகப்பிரியாவிடமே வந்து, "இன்னாம்மா, அன்னிக்கு உன் கையால கேக் பாப் பண்ணி நம்ம ஸ்டாண்டுல வெச்சுடு. ஷோவா இருக்கும்" என்றார். நம்ம ஸ்டாண்டாம்! நானாக இருந்தால் உருகிய சாக்லேட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அவள், "சரி சார். எத்தன வைக்கணும்?" என்றாள்.

"ஓட்டை எத்தினியோ அத்தினி."

பாராட்டு கேன்டீனில். அன்றைக்கு இருபத்து நான்கு வெள்ளை உருண்டைகளைக் கொண்டுவந்து, அங்கே வைத்திருந்த ஸ்டீல் ஸ்டாண்டில் செருகினாள். இந்தத் தடவை குட்டைக் குச்சி வைக்கவில்லை, எல்லாம் ஒரே நீளம். அதனால் சாய்ந்த ஓட்டையில் இருந்த உருண்டை பக்கத்து உருண்டை மேல் முட்டி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. பார்க்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஆடிட்டர் அம்மா கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இது மட்டும் எதுக்கு சாஞ்சிருக்குது?"

சுபாஷ் தொண்டையைச் செருமினார். "மேடம், அது ஆபரேட்டர் கை வாட்டத்துக்கு. ஸ்டடி பண்ணி, ஏழு டிகிரி குடுத்தோம். டிசைனே அப்படித்தான்."

பிளான்ட் ஹெட் பெருமையாகத் தலையாட்டினார். அப்போது டிரெய்னிகள் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மேடம், அது டிசைன் இல்ல, கணு. நான் மரத்துல ஓட்ட போடும்போது கணு இருந்துச்சு, டிரில் வழுக்கிட்டு. மரத்துல கணு வரும். இரும்புல எப்படி மேடம் கணு வந்துச்சு?"

பிளான்ட் ஹெட்டின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"ஏய், இன்னா பேசற நீ? லைனுக்குப் போ!" என்றார் சுபாஷ்.

"இருங்க" என்றார் ஆடிட்டர். "அந்தப் பலகை எங்கீங்க?"

"எங்கிட்ட கீது மேடம்." கடைசி பெஞ்சிலிருந்து டூல் ரூம் மண்ணாங்கட்டி எழுந்தார். எங்கள் ஊர்க்காரர், அளவில் மயிரிழை பிசகமாட்டார். "இதே மாரி அச்சா வோணும்னு சுபாஷ் சார்தான் குடுத்தாரு. சாஞ்சத நிமித்தட்டுமா சார்னு கேட்டேன். 'கேள்வி கேக்காத, சாம்பிள் மாரியே போடு'ன்னாரு. போட்டேன். சாம்பிளப் பீரோல பத்திரமா வெச்சிக்கினு கீறேன்."

அப்போதுதான் என் வாய்க்கும் ரோஷம் வந்தது. கெட்டிலைக் கீழே வைத்தேன். "பலகைய புட்சிக்கினு இருந்தது நான்தான் மேடம். எங்க வூட்டு வாசல்லதான் ஓட்ட போட்டுச்சு இந்தப் பொண்ணு." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற பார்வை. நியாயம்தான்.

பலகை வந்தது. ஆடிட்டர் அதைத் திருப்பி, அடியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். "சுகப்பிரியா. ரூம் ஆறு. எடுத்தவ கை வெளங்காது."

சுபாஷ் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். டிரெய்னிகள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. ஸ்டீல் ஸ்டாண்டின் டிராயிங் காகிதத்தை எடுத்து பிளான்ட் ஹெட் முன்னால் வைத்தார். "பேரு தப்பா இருக்குற டிராயிங்குல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க." வேறு வழியில்லை. வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் சுபாஷின் பேரை அடித்தார்கள். சுகப்பிரியா பேனாவை வாங்கித் தன் பேரைத் தமிழில், முழுசாக, கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

மறுநாள் போர்டு மாறியது. டிரெய்னிங் முடிய நாலு நாள் இருக்கும்போது பெர்மனென்ட் கடிதம் வந்தது. நல்லதுதான். ஆனால் என் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை 'தப்பாகிவிட்டது' என்று சொல்லவில்லை. அடுத்தவள் பேரைத் திருடிய மனுஷனுக்கு ஒரு எச்சரிக்கை கூடக் கிடையாது. போன வருடம் டீயில் சர்க்கரை குறைந்ததற்கு எனக்கு எழுத்தில் மெமோ கொடுத்த கம்பெனி இது!

கடிதம் வந்த அன்று அவள் பழைய மர ஸ்டாண்டில் கேக் பாப் கொண்டுவந்தாள். முதல் உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "டீ குடுங்க அண்ணாச்சி." ஒரு மாதப் பட்டினிக்குப் பிறகு சோறு கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

லைன் முழுக்கக் கொடுத்துக்கொண்டே போனாள். சுபாஷும் கூச்சமே இல்லாமல் வந்து கையை நீட்டினார். அவள் மறுக்கவில்லை. மூன்றாம் வரிசையில் கடைசியாக மிஞ்சியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, எனக்கு மட்டும் குச்சி குட்டையா கீது?"

"கோண ஓட்டைக்கு அவ்வளவுதான் சார் வைக்க முடியும்" என்றாள் சுகப்பிரியா.