அப்பா எறிந்த பந்து

என் மாமா பந்தடித்துச் சம்பாதித்தவர். யாழ்ப்பாணத்தில் எல்லே ஆடுவதற்குக் காசு வாங்கிய முதல் ஆள் தன் தம்பிதான் என்று அம்மா அடித்துச் சொல்வாள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, எதிரணி அந்தப் பந்தையே தன்மேல் எறிந்து ஆட்டமிழக்கச் செய்வதற்குள் மைதானத்தைச் சுற்றி ஓடிவருவதுதான் எல்லே. மாமா ஓடியதே இல்லையாம், நடந்துதான் வருவாராம். பனங்கூடலுக்குள் பந்தைத் தேடிப் போனவர்கள் திரும்பிவர அவ்வளவு நேரம் பிடிக்குமாம். அயலூர்க் கழகங்கள் கார் அனுப்பி அவரைக் கூட்டிப்போயின. கோழிக்கறியும் சாராயமும் தனி. பிறகு சண்டை வந்தது, மைதானத்தில் இராணுவ முகாம் வந்தது, மாமாவை ஒருநாள் அதற்குள்ளேயே பிடித்துப்போனார்கள்.

இந்தப் புகழைக் கேட்டு வளர்ந்த எனக்கு, லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு மாடியறைக்கு வந்துசேர்ந்த மாமா பெரிய ஏமாற்றம். மெலிந்த மனிதர், பேசமாட்டார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவருடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது. காலையில் அம்மாதான் அவருக்குச் சட்டை போட்டு, சீப்பால் தலையும் இழுத்துவிடுவாள். ஒரே தம்பி என்று செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று நான் பொருமுவேன். சின்னப் பிள்ளையான நான்கூட என் தலையை நானேதான் இழுத்துக்கொள்வேன்.

அந்தக் கோடையில் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழா. ஒலிவாங்கி வைத்திருந்தவர் மாமாவைக் கண்டுவிட்டார்.

“எங்கட சூரன் வந்திருக்கிறார்! ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ அண்ணை!”

யாரோ தன் வீட்டுத் தோட்டத்து மூங்கிலை வேறு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். அப்பா மாமாவின் காதருகே குனிந்தார்.

“மச்சான், ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

“ஒருக்காப் பாப்பம் அத்தான். நீங்களே எறியுங்கோ.”

எல்லேயில் அடிப்பவருக்குப் பந்து எறிவது அவருடைய அணிக்காரர்தான். மூன்று பந்துகள் கிடைக்கும். அப்பா எறிவதில் மன்னன். வீட்டுக்குப் பின்னால் வளவில் அவர் எனக்கு எறியும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டும் அடிக்கலாம். மாமா அடிக்கிற அடியில் பந்து தேம்ஸ் ஆற்றில்தான் விழும் என்று சிநேகிதிகளிடம் சொல்லிவிட்டு, பெருமையில் பூரித்துப்போய் நின்றேன்.

முதல் பந்து இடுப்புயரத்தில் அழகாக வந்தது. மாமாவின் தடி நெஞ்சுவரைக்கும் எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. பந்து போய்விட்டது. அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது பந்தை அவருடைய தலைக்கு மேலால் எறிந்தார். மூன்றாவது நிலத்தில் குத்தி எங்கேயோ உருண்டது.

கூட்டம் அப்பாவின்மேல் பாய்ந்தது.

“எறியத் தெரியாட்டி ஏன் காணும் இறங்கினனீர்?”

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எனக்கு மானம் கப்பலேறியது. பஸ்ஸில் மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். “பந்து சரியா வரேல்லை, பிள்ளை” என்றார். முன் இருக்கையில் இருந்த அப்பா திரும்பவேயில்லை.

அதற்குப் பிறகு மாமா விளையாட்டு விழாவுக்கு வரவில்லை. பிறகு முருகன் கோயிலுக்கும் வரவில்லை, பிறகு சாப்பிடக் கீழே இறங்கவும் இல்லை. கடைசியில் அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்று குரோய்டனில் சொன்னார்கள். அம்மா படியேறி ஓடிப்போய்ச் சொன்னபோது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாராம். இன்றைக்கும் அந்த அறையில்தான் கிடக்கிறார். அப்பா இறந்துபோய்விட்டார், அம்மாவுக்குப் படியேற ஏலாது. சட்டையை நான்தான் போட்டுவிடுகிறேன். முகாமில் பின்னால் கட்டித் தொங்கவிட்ட கைகள் நெஞ்சுக்கு மேல் எழும்பாது. எவ்வளவு மெதுவாகப் பிடித்தாலும் அவருக்கு நோகிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்றைக்கு இதொன்றும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அப்பா வழக்கம்போலப் பின்வளவில் பந்தோடு நின்று என்னைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு எறியத் தெரியாது” என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தினேன்.

“ஓம் பிள்ளை” என்றார் அப்பா.